அருவிக்கு வேட்டி கட்டி வந்தவர்

காட்டுக்குள் அருவி பார்க்கக் கிளம்பிய அன்று காலை, என் வீட்டுக்காரர் பட்டுக்கரை வேட்டியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக வாசலில் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு வேறு. எங்களை அழைத்துப் போகக் கோயமுத்தூரிலிருந்து காரில் வந்திருந்த மகள், அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் காலில் ஷூ, முதுகில் பை, தலையில் தொப்பி.

"அப்பா, என்னங்கப்பா இது?"

"ஆகட்டும் கண்ணு, கெளம்பலாம்," என்றார் அவர்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வாரத்தின் நடுவில் மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா, ஞாயித்துக்கிழமை அருவிக்குப் போலாமுங்களா?" என்று கேட்டிருந்தாள். இவர் காதில் அது "விருந்துக்குப் போலாமுங்களா" என்று விழுந்திருக்கிறது. ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் பல்லடம் பக்கம் ஞாயிறு தவறாமல் எங்காவது ஒரு காதுகுத்து, கெடாவிருந்து இருக்கும். எந்த ஒறம்பரை, எந்தச் சொந்தக்காரர் வீட்டு விருந்து என்றுகூடக் கேட்காமல் "ஆகட்டும் கண்ணு" என்று போனை வைத்திருக்கிறார். நான் அடுக்களையில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டிருந்ததால் அவர் உடுத்தியதைப் பார்க்கவில்லை. அருவிக்குப் போவதைப் பற்றி அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க, அருவிக்குப் போறமுங்க. காட்டுக்குள்ள. போய்ப் பேண்ட்டு மாத்திக்கிட்டு வாங்க," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

"தெரியுமே. அருவின்னா வேட்டி கட்டக்கூடாதுன்னு சட்டமா?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு மீசையே கிடையாது, ஆனாலும் ஒட்டவில்லை.

அவருக்குக் காது போய் நாலைந்து வருடம் ஆகிறது. போய்க்கொண்டே இருந்தது என்று சொல்ல வேண்டும். வாலிபத்திலிருந்து தறி குடோனுக்குள் நின்றவர். விசைத்தறி ஓடும் குடோனுக்குள் நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரியும், பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. இப்போது குடோனைப் பக்கத்துக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். தறி அங்கே அதேபோல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவர் காதுதான் நின்றுபோய்விட்டது.

அது நின்றுபோனது எனக்கே வெகுநாள் தெரியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர் மரியாதை. எங்கள் பக்கம் ஒருவர் ஏதாவது சொன்னால் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டால் போதும். சரி என்றும் அதற்கு அர்த்தம், பார்க்கலாம் என்றும் அர்த்தம், முடியாது என்பதை நோகாமல் சொல்வதும் அதே வார்த்தைதான். எதிரில் இருப்பவர் தனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். காது கேட்காத மனிதருக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் வேறு எந்த ஊர்ப் பேச்சில் கிடைக்கும்? இவர் அந்த ஒரு வார்த்தைக்குள் புகுந்துகொண்டு தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து என்னமோ கேட்டார், இவர் "ஆகட்டுங்க" என்றார். மறுநாள் விடிந்து பார்த்தால் எங்கள் தென்னந்தோப்பில் அவருடைய ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கோயில் கமிட்டிக்காரர் பெரிய மீசை வைத்தவர், அவர் பேசினால் உதடே தெரியாது. அவரிடம் "ஆகட்டுங்க" சொன்னதன் பலன், அந்த வருஷத் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பு முழுக்க எங்கள் தலையில் விழுந்தது. நானும் மகளும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு ஒருநாள், தறி குடோனில் எங்களோடு வெகுகாலம் வேலை பார்த்தவர் வீடு தேடி வந்தார். வாசலில் நின்றபடியே, தன் அம்மா தவறிப் போய்விட்டதாகச் சொன்னார். இவர் முகமெல்லாம் மலர்ந்து, "ஆகட்டுங்க, ஆகட்டுங்க. ரொம்ப சந்தோசமுங்க. அவசியம் வந்தர்றமுங்க," என்றார்.

வந்தவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சமாளித்து அனுப்பினேன். அவர் போன பிறகு இவரிடம் நடந்ததைச் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர், அதற்கப்புறம் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். யாராவது வந்தால் எழுந்து தோப்புப் பக்கம் போய்விடுவார். என்னிடமும் பேச்சு நின்றுபோனது. வீட்டில் இருவர் இருந்தும் நான் ஒருத்தி மட்டும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். செவிடன் காதில் ஊதின சங்கு என்று பழமொழி சொல்வார்கள். அந்தச் சங்குக்குத் தொண்டை கட்டிப்போவதை யாரும் சொல்வதில்லை.

மகள் அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துப்போய்க் காது சோதனை செய்தாள். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவள் தோள் லேசாக அசைவதைப் பார்த்துவிட்டு, இவர் அதற்குத் தகுந்தாற்போல் கையைத் தூக்கியிருக்கிறார். காது பிரமாதம் என்று சொல்லிவிடும் நிலைமை. மகள்தான் கண்டுபிடித்து, முதுகைத் திருப்பி உட்கார வைத்து மறுபடியும் சோதிக்கச் சொன்னாள். கருவி வந்தது. ஒருநாள் மாட்டினார். "மிக்சி உள்ள தலைய உட்டாப்ல இருக்குது," என்று கழற்றி, பீரோவில் என் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அங்கேயேதான் இருந்தது.

எனக்குக் கருவி மாட்ட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு வார்த்தை வேண்டும். "கேக்கலை." அதை அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், நான் திரும்பிச் சொல்வேன், நூறு தடவை வேண்டுமானாலும் சொல்வேன். கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போகிற மனிதரிடம் எதைத் திரும்பச் சொல்வது? அந்த ஒரு வார்த்தை வராததால் என் மனிதரை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி படுத்தால் அந்தப் பயம்தான் வரும்.

சரி, அருவிக்கு வருகிறேன். எந்த அருவி என்று கேட்காதீர்கள். ஆனைமலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அதற்குமேல் பேரைச் சொன்னால் அடுத்த ஞாயிறே வேன் வேனாகப் போய் இறங்கிவிடுவீர்கள். நெகமம் வழியாகப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து மலையடிவாரம் வரைக்கும் சாலையின் இருபுறமும் தென்னைதான். வழியில் ஒரு தள்ளுவண்டியில் பெருநெல்லி வாங்கினேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தர வந்தவரை, வெறும் நெல்லியாகவே கொடுக்கச் சொல்லி மடியில் கட்டிக்கொண்டேன். மலை ஏறும்போது வாயில் ஒன்றை அடக்கிக்கொண்டால் மூச்சு வாங்காது என்பது என் நம்பிக்கை.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் மகளின் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து அவர்களுடைய வண்டியில் கொஞ்ச தூரம், அப்புறம் நடை. எங்களோடு இன்னும் இரண்டு குடும்பம். வழிகாட்டியாக வந்தவர் காக்கிச் சட்டை போட்ட முப்பது வயதுக்காரர், மழமழவென்று சவரம் செய்த முகம். அவர் கண் இவருடைய வேட்டியில் போய் நின்றது.

"அய்யா, காட்டுக்குள்ள வெள்ளை பளிச்சுன்னு தெரியுமுங்க. அட்டை வேற இருக்குதுங்க."

"ஆகட்டுங்க," என்றார் இவர், முகம் நிறையச் சிரித்து.

மகள் தன் பையிலிருந்து சாம்பல் நிற மழைக்கோட்டு ஒன்றை எடுத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். அது அவருக்கு இடுப்பு வரைக்கும்தான் வந்தது. கீழே பட்டுக்கரை மின்னியது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டச் சொல்லி, கால் முழுக்க வேப்பெண்ணெய் தடவிவிட்டேன். வழிகாட்டி எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து விதிகளைச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். நில் என்றால் நின்றுவிட வேண்டும்.

"முக்கியமா, சத்தம் போடக் கூடாதுங்க. பேசறதா இருந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசுங்க."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாலைந்து வருடமாகக் கத்தியே குடும்பம் நடத்துகிறவளைப் பார்த்து இப்படி ஒரு சட்டம். அன்று எனக்கும் வாய்ப்பூட்டு விழுந்துவிட்டது.

பாதை முதலில் தேக்குக்குள் போனது. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் மண் கால்விரலுக்கு இடையில் ஏறியது. மூங்கில் புதர்கள் உரசிக் கிறீச்சென்றன. யானை போட்ட லத்தி, அதில் முளைத்த காளான். மேலே ஒரு மலையணில் கிளைக்குக் கிளை தாவிப் போனது. எல்லாரும் கிசுகிசுவென்று அதைக் காட்டிக்கொண்டார்கள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். வீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று சுவரோரமாகப் போகும் மனிதர், இங்கே யாரும் பேசாத இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போனார். அணிலை எல்லாருக்கும் முன்னால் பார்த்ததும் அவர்தான். அந்த நடையைப் பார்த்து எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த நடைதான் வினையாகவும் ஆனது. கொஞ்ச நேரத்தில் அவர் வழிகாட்டியையும் தாண்டி முன்னால் போய்விட்டார். பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பும் இடம். வழிகாட்டி திடீரென்று நின்று, மூக்கை உறிஞ்சி, கையைத் தூக்கினார்.

"நில்லுங்க. எல்லாரும் நில்லுங்க," என்றார் மூச்சுக் குரலில்.

எல்லாரும் நின்றோம். இவர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார். "அய்யா, நில்லுங்க," என்று வழிகாட்டி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். வெள்ளை வேட்டி பாறையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புஸ்ஸென்ற மூச்சு, எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கத்தக் கூடாது என்று வழிகாட்டி எங்களைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, குனிந்தபடி அவர் பின்னால் வேகமாக எட்டு வைத்தார். எட்டிப் பிடிக்க முடியாது என்பது பார்க்கும்போதே தெரிந்தது.

என் கை தானாக மடிக்குப் போனது. ஒரு நெல்லியை எடுத்து அவர் முதுகைப் பார்த்து எறிந்தேன்.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. தறி குடோனில் முதுகைக் காட்டி நிற்பவரைக் கூப்பிட வேறு வழி கிடையாது. கழிவு நூலைக் கையில் உருட்டி முதுகில் எறிவோம். விழுந்ததும் திரும்பிப் பார்க்க வேண்டும், அதுதான் அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவது. கோபிப் பக்கம் நெல்வயலும் வாய்க்காலுமாக அமைதியாக வளர்ந்த நான், கல்யாணமாகி வந்த புதிதில் குடோனுக்குள் தொண்டை கிழியக் கத்துவேன். தறிக்காரர்கள் சிரிப்பார்கள். இவர்தான் கிட்டே வந்து உதட்டில் விரல் வைத்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டினார். கத்தாதே, வாயை அசை, போதும். ஒரு மாதத்தில் நானும் கற்றுக்கொண்டேன். தறிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர் "சாப்ட்டியா?" என்று உதட்டால் கேட்பார். ஒருநாள் "இந்தச் சேலை உனக்கு எடுப்பா இருக்குது" என்றார். எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நான் பூரித்துப்போய் நிற்கிறேன், சுற்றி இருந்த தறிக்காரப் பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அங்கே எல்லாருக்குமே உதடு படிக்கத் தெரியும்.

நெல்லி அவர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. சட்டென்று திரும்பினார், அதே பழைய திரும்பல், புருவத்தைத் தூக்கி "என்ன?" என்ற அதே கேள்வி. நான் முஷ்டியை மடக்கி நெஞ்சுப் பக்கம் இழுத்தேன். தறியை நிறுத்தும் கைப்பிடியை இழுப்பது போன்ற சைகை. நிறுத்து என்று அர்த்தம்.

அந்த இடத்திலேயே நின்றார். வழிகாட்டி போய் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காட்டுமாடு ஒன்று பாதைக்கு வந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு, கால்களில் மட்டும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல. எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. இவருடைய வேட்டியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்ததாக மகள் இன்றைக்கும் சொல்வாள். அப்புறம் அவசரமே இல்லாமல் மூங்கிலுக்குள் இறங்கிப் போனது.

வழிகாட்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அய்யாவுக்குக் காது கேக்காதுங்களா?"

இவரைத் தாண்டி, இவர் முகத்துக்கு முன்னாலேயே, என்னைக் கேட்டார். பாவம், அந்தப் பிள்ளையும் பயந்துபோயிருந்தான், தப்பாக எதுவும் இல்லை. ஆனால் இவர் அந்த உதட்டைப் படித்துவிட்டார்.

"நல்லாக் கேக்குமுங்க," என்றார் கறாராக. "என்னமோ நெனப்புல நடந்துட்டேன்."

சாவு பாறைக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு விட்டிருக்கிறது, இந்த மனிதருக்கு அப்போதும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கோபத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. மகள் என் கையைப் பிடிக்க வந்தாள், உதறிவிட்டேன். மிச்ச தூரம் முழுக்க அவருக்குப் பின்னாலேயே, அவர் பிடரியை முறைத்துக்கொண்டு நடந்தேன். கெரகம் பிடித்த வீம்பு, இது மண்ணுக்குள் போனாலும் போகாது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அருவியின் சத்தம் முதலில் காலுக்குத்தான் வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. இவர் நின்று, குனிந்து, உள்ளங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்தார். திரும்பி மகளிடம், "குடோன் வாசலுக்கு வந்தாப்ல இருக்குது," என்றார்.

கடைசி மரங்களைத் தாண்டியதும் அருவி எதிரில் நின்றது. உயரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் மழைத் தண்ணீர் மொத்தமும் அந்த ஒரு பிளவு வழியாக இறங்கி, கீழே கறுப்புப் பாறையில் விழுந்து புகையாகக் கிளம்பியது. குளிக்க அனுமதி இல்லை, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். சாரல் முகத்தில் ஊசி ஊசியாக விழுந்தது. அந்த இரைச்சலில் என் பேச்சு எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுற்றிப் பார்த்தேன். எங்களோடு வந்த குடும்பத்தில் ஒருவர் தன் மனைவியிடம் போட்டோ எடுக்கச் சொல்லி என்னமோ கத்துகிறார். அவள் காதில் கையைக் குவித்து "கேக்கலை!" என்கிறாள். மகள் வழிகாட்டியிடம் ஏதோ கேட்க, அவர் தலையை ஆட்டி "கேக்கலீங்க" என்கிறார். எல்லார் உதட்டிலும் அதே வார்த்தை. யாருக்கும் அதில் வெட்கமே இல்லை. சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே கிட்டே போய்த் திரும்பக் கேட்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவரிடம் போய் என்னமோ சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு, அந்தப் போட்டோக்காரரின் மனைவியைப்போலவே காதில் கையைக் குவித்து, உதட்டை அசைத்தார்.

"கேக்கலை."

நான் பார்த்துவிட்டேன். ஆனால் இது கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே எல்லாருக்கும்தான் கேட்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தேன், முடியவில்லை. கத்திப் பிரயோஜனம் இல்லாத இடம். நான் உதட்டை மட்டும் அசைத்தேன், பழைய மாதிரி, தறிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குச் சொல்கிற மாதிரி.

"மாடு முட்டியிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

முழுசாகப் படித்தார். ஒரு வார்த்தை விடவில்லை. கண் கலங்கிவிட்டது, அல்லது சாரலாகவும் இருக்கலாம். இல்லை, கலங்கித்தான் போனது, எனக்குத் தெரியாதா.

"பயந்துட்டியா?" என்றார் சத்தமில்லாமல்.

"ஏனுங்க, கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுல உங்களுக்கு என்னங்க?"

அவர் கிட்டே வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாக உதட்டை அசைத்தார். நான் படித்தேன். எனக்கும் அந்த வித்தை மறக்கவில்லை.

"இவனுக்குக் காது கேக்காதுன்னு ஒருக்கா தெரிஞ்சுபோட்டா, அப்பறம் யாரும் எங்கிட்டப் பேசமாட்டாங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்டத்தான் பேசுவாங்க. அந்தத் தம்பி உங்கிட்டக் கேட்டானே, அதாட்ட. நான் உசுரோட நிக்கறப்பவே."

இத்தனை நாள் வீம்பு என்று நான் திட்டியதற்குள் இவ்வளவு பெரிய பயம் உட்கார்ந்திருக்கிறது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"நீ கத்தறப்ப எனக்கு ஒண்ணுமே புரியறதில்லை, தெரியுமா? வாய் கோணிக்குது. யாரோ சண்டைக்கு வர்றாப்ல இருக்குது. அடுப்பைப் பாத்துக்கிட்டுக் கத்துவே, அப்ப அதுகூடத் தெரியாது." லேசாகச் சிரித்தார். "இப்பத்தான் உன்ற மூஞ்சி உன்ற மூஞ்சியாட்ட இருக்குது."

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அருவிக்குப் பக்கத்தில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது. அவர் தோள் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். விருந்துக்கென்று எடுத்து வந்த துண்டு கடைசியில் அதற்குத்தான் உதவியது. பிறகு நாங்கள் இருவரும் பேசினோம். என்னென்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆடு மேய்ந்த தென்னங்கன்று, மகளின் வேலை, வரும் வழியில் சாப்பிட்ட எலுமிச்சைச் சோற்றில் உப்புக் கூடிவிட்டது. அத்தனையும் சத்தமில்லாமல். மகள் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிட்டே வராமல் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வழிகாட்டி கைகாட்டி அழைக்க, எல்லாரும் திரும்பினோம். மரங்களுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் வந்ததும் இரைச்சல் முதுகுப் பக்கம் தேய்ந்து, பிறகு அறவே நின்றுவிட்டது. மறுபடியும் இலை விழுந்தால் கேட்கும் காடு. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அங்கே பேசியது அங்கேயே இருந்துவிடுமோ, இரைச்சலுக்கு வெளியே வந்ததும் இவர் மறுபடியும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாரோ என்ற பயம்.

இந்தத் தடவை வழிகாட்டி முதலில், நான் அவருக்குப் பின்னால், என் பின்னால் இவர். இறக்கத்தில் அவர் நடை தாங்கித் தாங்கி விழுவது என் காதில் கேட்டது. தோல் செருப்பில் அவ்வளவு தூரம் நடந்த கால். பழக்கதோஷம், நான் முன்னால் பார்த்துக்கொண்டே, "கால் வலிக்குதுங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னால் வருகிறவருக்குக் குரல் எட்டும், வார்த்தை எட்டாது.

சரி, இப்போது வரும் "ஆகட்டும்" என்று காத்திருந்தேன்.

முதுகில் ஏதோ பட்டென்று விழுந்தது. திரும்பினேன். நான் எறிந்த அந்த நெல்லிக்காய் என் காலடியில் உருண்டது. போகும்போதே பொறுக்கி வைத்திருந்திருக்கிறார். அவர் பாதை நடுவில் நின்றார், மழைக்கோட்டும் சேறு படிந்த பட்டுக்கரையுமாக. வழிகாட்டியும் நின்று திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த இரண்டு குடும்பமும் நின்றது. அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சாதாரணக் குரலில் சொன்னார்.

"கேக்கலை அம்மணி. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு."

நான் அவர் எதிரில் போய் நின்றேன். குரலை உயர்த்தவில்லை.

"கால் வலிக்குதுங்களான்னு கேட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குது," என்றார்.